ஒன்றரை வயதுக்கு முன் குழந்தையிடம் தமிழ் பேசுவது யார்? தமிழ்மொழி விழா அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்மொழி விழாவை ஒருங்கிணைக்கும் மதிப்பிற்குரிய வளர்தமிழ் இயக்கத்தினருக்கும், விழாவில் நிகழ்ச்சிகள் நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். என் பிரிவில் இருப்பவர்கள் 2 மாதத்திலிருந்து 18 மாதம் வரையிலான குழந்தைகள். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவுக்காக நீங்கள் செலவிடும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கை, இன்னும் ஒரு சொல்கூடப் பேசத் தொடங்காத குழந்தைகளுக்காக ஒதுக்குங்கள்.

விழாவின் நிகழ்ச்சிநிரலை ஒவ்வோர் ஆண்டும் ஆவலோடு படிப்பவள் நான். பேச்சுப் போட்டி, விவாதம், கதை சொல்லுதல், கவிதை, நாடகம், பட்டிமன்றம் என்று எத்தனையோ நடக்கின்றன. அவற்றுக்காக வார இறுதிகளைத் துறந்து உழைக்கும் தொண்டூழியர்களையும் அறிவேன். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் பங்கெடுக்க ஒரு குழந்தைக்கு நான்கு, ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த வயதில் துணிந்து மேடையேறும் பிள்ளையின் வீட்டில் யாரோ ஒருவர் தொடக்கத்திலிருந்தே தமிழில் பேசி வந்திருக்கிறார். அப்படி ஒருவர் வாய்க்காத பிள்ளை உங்கள் மண்டபத்துக்கு வருவதே இல்லை. வராதவர்களின் எண்ணிக்கையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. இன்று என் கையில் தவழும் குழந்தைகளின் பெற்றோர் பலர், நம் பள்ளிகளில் தமிழ் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களே. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய தமிழ், தொட்டிலருகே வாயில் வரவில்லை.

இதை மாற்ற எங்கே தொடங்குவது என்பதில்தான் நான் உங்களோடு வழக்காட விரும்புகிறேன். அதற்கு, ஒரு குழந்தை சொல்லையும் பொருளையும் எப்படி இணைக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

காட்டுகிறோம், பெயர் சொல்கிறோம், குழந்தை கற்றுக்கொள்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். இதில் ஒளிந்திருக்கும் சிக்கலை அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் 1960இல் எடுத்துக்காட்டினார். மொழி தெரியாத ஊருக்குப் போன ஒருவரின் முன்னால் முயல் ஒன்று ஓடுகிறது. உடனிருந்த ஊர்க்காரர் ‘கவகாய்’ என்கிறார். அது முயலின் பெயரா, அதன் காதுகளைக் குறிக்கிறதா, ஓட்டத்தையா, ‘அதோ பார்’ என்பதையா? சுட்டிய விரலால் மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. எங்கள் நிலையத்தின் எதிரே புல்தரையில் மைனா வந்து இறங்கும்போது ஒரு குழந்தை எதிர்கொள்வதும் இதே குழப்பம்தான். மைனா என்றால் மஞ்சள் அலகா, தத்தித்தத்தி நடப்பதா, பறப்பதா, புல்லா? இருந்தும், ஒரு வயது நிறைவதற்குள் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள். இந்த வேலையில் எனக்குச் சலிப்பே வராததற்கு இதுவே காரணம்.

எப்போது தொடங்குகிறது இது? குழந்தை முதல் சொல்லைச் சொல்லும் நாளில் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டிங்காஃப், யூஷிக் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்கு அவர்களுடைய தாயும் தந்தையும் தோன்றும் இரு காணொளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். அம்மா என்பதற்கான சொல் ஒலித்தபோது தாயையும், அப்பா என்பதற்கான சொல் ஒலித்தபோது தந்தையையும் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன. முன்பின் தெரியாத ஆண், பெண் படங்களைக் காட்டியபோது அப்படிப் பார்க்கவில்லை. ஆக, ஆறு மாதத்திலேயே அது யாரோ ஒரு பெண்ணைக் குறிக்கும் பொதுச் சொல்லாக இல்லை. தன் தாயின் பெயராகவே இருந்தது. 2012இல் எலிக்கா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் பென்சில்வேனியாவில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். உணவுப் பொருள்கள், உடலுறுப்புகள் ஆகியவற்றின் பெயர்களில் பல அக்குழந்தைகளுக்கு ஏற்கெனவே புரிந்திருந்தன. பெற்றோர் எந்தக் குறிப்பும் கொடுத்துவிடாதபடி படங்களை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டே இந்தச் சோதனை நடந்தது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அப்போது ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

பேசாத குழந்தைக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணம் நம் வீடுகளிலும் உண்டு, நம் அமைப்புகளிலும் உண்டு. ‘கொஞ்சம் பேச ஆரம்பிக்கட்டும், பிறகு தமிழ் சொல்லிக்கொடுக்கலாம்’ என்று பெற்றோர் சொல்லக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறுகிறது. அந்தப் ‘பிறகு’ வரும்போது அடுக்களையிலுள்ள பொருள்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் விழுந்திருக்கும்.

சொற்களைக் கற்கக் குழந்தையிடம் உள்ள முதல் கருவி, செவி. நாம் பேசும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் போகிறது. ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் அஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996இல், எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியின்றித் தொடுத்து இரண்டே நிமிடங்கள் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை தவறாமல் வருகிறது என்பதைக் கொண்டே குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்தறிந்தன. தமிழ்க் குழந்தைக்கு இந்த வேலை இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன். பால், பாலை, பாலில், பாலுக்கு என்று ஒரே பெயர் நாளெல்லாம் வால் மாறி வருகிறது. அத்தனை வடிவங்களிலும் மாறாத பகுதி எது என்பதைக் குழந்தை கண்டுகொள்ள வேண்டுமானால், அவை அத்தனையையும் பலமுறை கேட்டிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வரும் பாட்டி சொல்லும் ஒற்றைப் ‘பால்’ அதற்குப் போதாது.

இரண்டாவது கருவி, நினைவில் சேர்ந்துகொண்டே போகும் கணக்கு. 2008இல் லிண்டா ஸ்மித், சென் யூ இருவரும் 12, 14 மாதக் குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பொருள்களைக் காட்டி இரண்டு புதிய பெயர்களையும் ஒலித்தார்கள். எது எதன் பெயர் என்று அந்த ஒரு காட்சியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு சேர்க்கைகளில் மீண்டும் மீண்டும் காட்டியபோது, எந்தப் பெயரோடு எந்தப் பொருள் விடாமல் வருகிறது என்பதைக் குழந்தைகள் சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டன. குவைனின் முயல் புதிருக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. ஒருமுறை பார்த்ததில் தெளிவு பிறக்காவிட்டால், அடுத்தமுறைக்காகக் காத்திருந்து குழந்தை ஒப்பிடுகிறது.

அடுத்தமுறை என்பது எங்கே கிடைக்கிறது? சாப்பாட்டு வேளையில். குழந்தைகளின் தலையில் சிறு கேமரா பொருத்தி, அவர்கள் கண்முன் என்ன தெரிகிறது என்று பதிவுசெய்யும் முறை இப்போது பரவலாகிவிட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு முதல் பத்தரை மாதக் குழந்தைகளின் உணவு வேளைகளை இப்படிப் பதிவுசெய்து பார்த்தார்கள். குழந்தையின் பார்வையில் நூற்றுக்கணக்கான பொருள்கள் வந்துபோகின்றன. ஆனால் கரண்டி, கிண்ணம், மேசை போன்ற மிகச் சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன. குழந்தைகள் முதலில் கற்கும் பெயர்களில் அந்தச் சிலவற்றின் பெயர்களே முன்னிற்கின்றன. 2024இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் ஒரே ஒரு குழந்தையின் தலைக் கேமராவில், அதன் ஆறாம் மாதம் முதல் 25ஆம் மாதம் வரை பதிவான 61 மணி நேரக் காட்சியையும் பேச்சையும் மட்டும் ஒரு கணினி நிரலுக்குக் கொடுத்தார்கள். குழந்தையின் விழித்திருக்கும் நேரத்தில் அது சுமார் ஒரு விழுக்காடுதான். அந்தச் சிறு பங்கிலிருந்தே நிரல் பல பெயர்களை அவற்றுக்குரிய பொருள்களோடு பொருத்தக் கற்றது. இயந்திரம் குழந்தையைப் போலவே கற்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரு வீட்டின் சாதாரணப் பேச்சில் எவ்வளவு பாடம் அடங்கியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் நிலையத்தில் ஒரு நாளில் காலைக் கஞ்சி, பழம், மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி, நடுவே பால் என்று எத்தனை வேளை கரண்டியும் கிண்ணமும் அவர்கள் கண்முன் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வார நாள்களில் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் குழந்தை எங்களோடுதான் கழிக்கிறது. தாய்க்கு 16 வார மகப்பேற்று விடுப்பு உண்டு. தந்தையின் விடுப்பும் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் அண்மையில் கூடியிருக்கின்றன, நல்லது. இருந்தாலும், பெயர்கள் பொருள்களில் ஒட்டத் தொடங்கும் அந்த ஆறாவது, ஏழாவது மாதத்தில் பல குழந்தைகள் எங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறார்கள். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பார்த்துக்கொள்கிறோம். என்னோடு வேலை செய்யும் சகோதரிகள் மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள். அன்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். எங்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். எனவே கரண்டியின் பெயரும் கிண்ணத்தின் பெயரும் ஆங்கிலத்தில் விழுகின்றன. என் பொறுப்பிலுள்ள தமிழ்க் குழந்தைகளிடம் நான் தமிழில் பேசுகிறேன். நான் விடுப்பில் போகும் நாளில் அதுவும் இல்லை.

குழந்தையின் கருவிகளில் எல்லாவற்றையும்விடப் பெரியது எதிரே இருக்கும் மனிதர். டேர் பால்ட்வின் 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனை என் வேலையைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. குழந்தை ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் தம் கையிலுள்ள வாளிக்குள் பார்த்தபடி ஒரு புதுப் பெயரைச் சொல்கிறார். ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தை, தான் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவதில்லை. தலையை உயர்த்திப் பெரியவரின் கண் போன இடத்தைப் பார்க்கிறது. வாளிக்குள் இருப்பதற்கே அந்தப் பெயரைச் சேர்க்கிறது. பேசுபவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு அறியும் வயது அதுவல்ல. கண்ணைப் பார்த்தே அறிந்துகொள்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. 1986இல் டொமசெல்லோவும் ஃபராரும் காட்டியபடி, குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைப் பெரியவர் சொன்னால் அது நன்றாகப் பதிகிறது; கவனத்தைத் திருப்பி வேறொன்றைக் காட்டிச் சொன்னால் அவ்வளவு பதிவதில்லை. தலைக் கேமரா ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பொருள் குழந்தையின் கையில், கண்முன் பெரிதாக, நடுவில் இருக்கும் நொடியில் சொல்லப்பட்ட பெயரே நிலைக்கிறது.

இதனால்தான் படஅட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ‘இது யானை, இது புலி’ என்று ஒப்பிக்கவைக்கும் பயிற்சிகளை எட்டு மாதக் குழந்தையிடம் நடத்துவதை நான் ஏற்பதில்லை. குழந்தை தன் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தால், அந்த நிமிடத்தில் காலுறையைப் பற்றித்தான் பேச வேண்டும். எதிர் புளோக்கில் காயும் துணியைப் பார்த்தால் துணியைப் பற்றி. கை நீட்டிச் சுட்டினால் இன்னும் நல்லது. குழந்தை முதலில் சுட்டிக்காட்டும் பொருள்களின் பெயர்களே பின்னர் அதன் பேச்சில் வருகின்றன என்றும், இடைவெளி சராசரியாக மூன்று மாதம் என்றும் ஐவர்சன், கோல்டின்-மெடோ இருவரும் 2005இல் கண்டார்கள். சுட்டும் விரல் ஒரு கேள்வி. எந்த மொழியில் பதில் வருகிறதோ அந்த மொழியில் அந்தப் பொருள் வீட்டுக்குள் நுழைகிறது.

இங்கே நம் மொழியின் இயல்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் பெயரைச் சொல்லாமலே நாள் முழுதும் பேசிவிடலாம். ‘குடி’, ‘எடு’, ‘அதை அங்கே வை’, ‘இது வேண்டுமா’ என்றால் பெரியவர்களுக்குள் எல்லாம் புரிந்துவிடும். குழந்தையோடு பேசும்போது கொஞ்சம் மெனக்கெட்டுப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பாலைக் குடி, தொப்பியை எடு, கிண்ணத்தை மேசைமேல் வை. நான் பார்த்தவரை, தமிழில் மட்டுமே பேசும் வீடுகளில்கூட இந்தப் பழக்கத்தை யாராவது எடுத்துச் சொன்னால் அம்மாக்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்ல மண்டபம் வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும்.

அதேபோல் மழலைச் சொற்கள். மம்மு, காக்கா, பாப்பா, தாத்தா என்று இரட்டித்து வரும் சொற்களைப் பேசினால் குழந்தையின் மொழி கெட்டுவிடும் என்று ஒரு பயம் படித்த குடும்பங்களில் இருக்கிறது. எடின்பரோவில் மிட்சுஹிகோ ஓட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இரட்டித்து வரும் சொற்களையும் செல்லச் சொற்களையும் அதிகம் கேட்ட ஆங்கிலக் குழந்தைகளின் சொல்வளம், ஒன்பதாம் மாதத்துக்கும் 21ஆம் மாதத்துக்கும் இடையில் வேகமாக வளர்ந்தது தெரியவந்தது. நம் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததை நாமாகக் கூச்சப்பட்டு நிறுத்த வேண்டாம். தொட்டிலருகே எழுத்துத் தமிழும் வேண்டாம். வீட்டில் வாய்க்கு வரும் பேச்சுத் தமிழே குழந்தைக்கு முதல் தமிழ்.

இனி, உங்களில் சிலருக்கு உவப்பாக இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சிறு குழந்தைகளுக்காகத் தமிழ்ச் செயலி, தமிழ்க் காணொளி, தமிழ் எண்ம நூல் என்று திட்டங்கள் தீட்டப்படும்போது, 18 மாதத்துக்குட்பட்டவர்களை அதிலிருந்து விட்டுவிடுங்கள். காரணத்தை விளக்கவே சற்றுப் பின்னோக்கிப் போகிறேன். ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் கனடிய வீடுகளின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் வரும், நாக்கு பல்லில் பட ஒலிக்கும் தகரத்துக்கும் நாக்கை மேலே வளைத்து ஒலிக்கும் டகரத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கேட்டறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அந்தத் திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. நமக்கும் உரிய வேறுபாடு அது. நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே தடுமாறும்போது ஆசிரியரைக் குறை சொல்கிறோம். செவி எப்போது பழகியது என்று கேட்பதில்லை.

அந்தச் செவியைத் திறந்தே வைத்திருக்க முடியுமா என்று பட்ரிசியா குல் 2003இல் சியாட்டிலில் சோதித்தார். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் வந்து தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் 25 நிமிடம். மொத்தம் 12 அமர்வுகள். முடிவில் அந்தக் குழந்தைகள் ஒரு மாண்டரின் ஒலிவேறுபாட்டை, தைவானில் வளரும் குழந்தைகளுக்கு ஈடாக இனங்கண்டார்கள். அதே பேச்சாளர்களை, அதே பொருள்களோடு, திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களும் அப்படியே. இது ஒலிகளைப் பற்றிய ஆய்வு. பெயர்களைப் பற்றியும் இதையொத்த ஒன்று உண்டு. 2010இல் ஜூடி டிலோச்சும் குழுவினரும், சொல்வளம் வளர்ப்பதாக விற்கப்பட்ட ஒரு காணொளியை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் காட்டிப் பார்த்தார்கள். பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாக எதுவும் கற்கவில்லை. காணொளியே இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோர் அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்த வீடுகளில்தான் அதிகம் கற்றார்கள். நம் சுகாதார அமைச்சும் 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டியில், 18 மாதத்துக்குட்பட்டோருக்கு, எதிரே ஒருவர் பேசிப் பதிலளிக்கும் காணொளி அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம் என்கிறது. சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பாட்டி காணொளி அழைப்பில் பேரனோடு பேசுவதற்கு அந்த விதிவிலக்கு இடம் தருகிறது. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழ்க் கேலிச்சித்திரங்களை ஓடவிட்டுவிட்டு ‘வீட்டில் தமிழ் ஒலிக்கிறது’ என்று நிறைவடைய வேண்டாம்.

மொழிக் குழப்பம் பற்றிய அச்சத்தையும் நீங்கள் கையில் எடுக்க வேண்டும். குழந்தை ஒன்றேகால் வயதாகியும் பேசவில்லை என்றவுடன், ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்’ என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரே மொழி எப்போதும் ஆங்கிலமாகவே இருக்கிறது. தமிழ் அன்றே நின்றுவிடுகிறது. பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே இருந்த பேச்சும் கூடவே நின்றுவிடுகிறது. இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரே மொழியில் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். மயாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கற்ற குழந்தைகளை ஆராய்ந்து பார்பரா பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் காட்டியது இதுதான்: இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் அவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். இங்கேயே, ‘கஸ்டோ’ என்ற நீண்டகாலச் சிங்கப்பூர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் 114 பேரைச் சோதித்தார்கள். இருமொழி வீட்டுக் குழந்தைகள் பழகிய படத்தில் விரைவாக ஆர்வம் இழந்து, புதிய படத்தைக் கூடுதலாகக் கவனித்தார்கள். இரு மொழி கேட்பது அவர்களைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்கும் என்று ஒருமொழிக் குழந்தைகள் ஒன்றரை வயதில் எண்ணத் தொடங்குகிறார்கள். புதுப் பெயர் காதில் விழுந்தால், பெயர் தெரியாத பொருளைத் தேடுகிறார்கள். கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் வெர்கரும் 2009இல் பார்த்தபோது, இருமொழிக் குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் மெலிந்திருந்தது. மும்மொழிக் குழந்தைகளிடம் காணவே இல்லை. ஒரு பொருளுக்கு இரண்டு, மூன்று பெயர்கள் இருக்கும் உலகில் வளரும் குழந்தை, அந்த உலகத்துக்கு ஏற்றபடி கற்கிறது. என் பிரிவில் மாண்டரின், மலாய், தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே அறையில் ஒலிக்கின்றன. குழந்தைகள் திணறுவதை நான் பார்க்கவில்லை. உண்மையிலேயே பேச்சுத் தாமதம் இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். அதில் தயக்கமே கூடாது. தமிழை நிறுத்துவது அந்தச் சிகிச்சையின் பகுதி அல்ல.

ஆகவே நீங்கள் என்ன செய்யலாம்? எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்பது ஆட்களை. குல் நடத்திய 12 அமர்வுகளையும் கூட்டினால் ஐந்து மணி நேரம்தான் வருகிறது. ஓய்வு பெற்ற, தமிழ் நன்றாகப் பேசும் பெரியவர்கள் நம் சமூகத்தில் எத்தனை பேர்! சமூக மன்றங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் அவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் விருப்பமுள்ளவர்களைச் சேர்த்து, குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்குரிய பாதுகாப்புச் சோதனைகளையும் சுகாதாரச் சோதனைகளையும் முடித்து, வாரம் இரண்டு காலைகள் எங்கள் பிரிவுகளுக்கு அனுப்புங்கள். அவர்கள் வகுப்பெடுக்க வேண்டாம். குழந்தையின் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். அது பதிலுக்கு முனகினால் நிறுத்திக் கேட்க வேண்டும். கஞ்சி ஊட்டும்போது கஞ்சியைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கான அனுமதியை நிலையங்களும் அரசு அமைப்புகளும்தான் தர முடியும். தனி ஓர் ஆசிரியை போய்க் கேட்டால் நடக்காது. உங்கள் பெயரில் கேட்டால் கதவு திறக்கும். நான் ஒருமுறை முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒரு மொழிக்கு மட்டும் செய்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்கள். கேட்கட்டுமே. மலாய்ப் பாட்டிகளும் சீனப் பாட்டிகளும் வந்தால் அறைக்கு இன்னும் நல்லது.

வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் மறக்க முடியாது. குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று உதவும் ‘கிட்ஸ்டார்ட்’ 2016 முதல் நடக்கிறது. அவர்களோடு பேசி, தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ் பேசும் ஒருவர் போக வழி உண்டா என்று கேளுங்கள். பல வீடுகளில் பகல் முழுதும் குழந்தையோடு இருப்பவர் பணிப்பெண். அவர் தமிழ்நாட்டையோ இலங்கையையோ சேர்ந்தவராக இருந்தால், குழந்தையிடம் தமிழிலேயே தாராளமாகப் பேசலாம் என்று முதலாளியம்மா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடைந்த ஆங்கிலத்தில் பேசுமாறு அவரைப் பணிக்கும் வீடுகளை நான் அறிவேன். அதைக் கேட்க மனம் வலிக்கிறது.

புத்தகம் வெளியிடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகங்களாக வெளியிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் போதும். அந்தப் பொருள் இங்குள்ள வீட்டில் இருக்கட்டும்: மின்தூக்கிப் பொத்தான், துணி காயவைக்கும் கம்பு, பஸ், ஈரச்சந்தை மீன், டுரியான், மைனா, மழைக்குடை. மாட்டுவண்டியையும் ஏற்றத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுத்து, வாசித்துக் காட்டும் அம்மாவுக்குத்தான். அது அவர் பேசும் தமிழாகவே இருக்கட்டும். பிழை வந்துவிடுமோ என்று பயந்து வாய் திறக்காத அம்மாவைவிட, ஒருமை பன்மை தவறி நாள் முழுதும் பேசும் அம்மாவால் குழந்தைக்கு நன்மை அதிகம். அப்படிப்பட்ட அம்மாக்களை உங்கள் நிகழ்ச்சிகளில் யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலதுறை மருந்தகங்களில் தடுப்பூசிக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோரின் கையில், ‘வீட்டில் தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமாகாது’ என்று சொல்லும் ஒற்றைத் தாள் ஒன்று கிடைத்தால்கூடப் பல வீடுகளில் தமிழ் பிழைக்கும். அதைத் தயாரிக்கப் பேச்சு சிகிச்சையாளர்களையும் மருத்துவர்களையும் உங்களால் ஒரே மேசையில் உட்காரவைக்க முடியும். எங்களால் முடியாது.

அடுத்த ஆண்டு தமிழ்மொழி விழாவுக்கான நிகழ்ச்சிகளைக் கோரும்போது, 18 மாதத்துக்குட்பட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உரிய நிகழ்ச்சிகள் என்று ஒரு பிரிவைச் சேர்த்து அறிவியுங்கள். தொண்டூழியப் பாட்டி தாத்தாக்களுக்குப் பயிற்சி கொடுக்க நானும், இதே வேலையில் இருக்கும் என் தோழிகள் சிலரும் வார இறுதிகளில் வரத் தயாராக இருக்கிறோம். முதல் விண்ணப்பம் எங்களுடையதாக இருக்கும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு குழந்தைப் பராமரிப்பு ஆசிரியை